முதலாம் நிலைக் கதாபாத்திரங்கள் இத்தனை எளிதில் சாகத்தான் வேண்டுமா?

உவர்மலை நடத்துநர்:

வணக்கம். திருகோணமலையில் நாங்கள் ஐந்து பேர் போயா நாட்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடி, கதாபாத்திரங்களாக நடித்துப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தை ஆடுகிறோம். 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறோம். கதையைச் சொல்லி எதிரிகளை ஆட்டுவிக்கும் நடத்துநர் நான், மற்ற நால்வரும் புதியவர்கள்; அவர்களின் கதாபாத்திரங்கள் மிகப் பலவீனமான முதலாம் நிலையில் தொடங்கின. கதையைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் ஒரு காட்டுப் பாதையில் தொடங்கி, பாதையோரப் பற்றைக்குள் வில்லோடு நான்கு கொப்ளின்களை (குட்டிப் பூதங்களை) ஒளித்து வைத்திருந்தேன். முதல் சுற்றிலேயே ஒரு கொப்ளினுக்கு நான் உருட்டிய இருபது முகப் பகடையில் உச்சமான 20 விழுந்தது, அதனால் சேதப் பகடை ஒன்றுக்கு இரண்டானது. சேதத்துக்கு உருட்டிய இரண்டு பகடைகளிலும் 6 விழுந்தது. கொப்ளினின் அம்புக்கு வழக்கமாகக் கூடும் 2ஐயும் சேர்க்க மொத்தம் 14. மந்திரவாதியிடம் இருந்தவையோ 7 உயிர்ப்புள்ளிகள். பூச்சியத்துக்கு இறங்கிய பின் மிஞ்சும் சேதம் முழு உயிர்ப்புள்ளியை எட்டினால் அந்த இடத்திலேயே மரணம் என்பது விதி, ஆதலால் உயிர் பிழைக்க உருட்டிப் பார்க்கும் வாய்ப்புக்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

அந்த மந்திரவாதியை ஆடியவன் என் சித்தியின் மகன். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, தன் கதாபாத்திரத்தின் பூர்வீகத்தை ஒரு சி.ஆர். கொப்பியில் எட்டுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தான். கொப்பியை மூடிவிட்டு, “அப்ப நான் போய்த் தேத்தண்ணி ஊத்தட்டா அண்ணா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எல்லோரையும் மூன்றாம் நிலையிலிருந்து தொடங்கச் சொல்லலாமா, அல்லது அப்படிச் செய்தால் ஆபத்தே இல்லாமல் ஆட்டம் சப்பென்று போய்விடுமா?

நிலாவெளிக் கணக்கன்:

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரே அம்பில் 20 விழுந்து, பிறகு இரண்டு ஆறுகளும் விழுவதற்கான வாய்ப்பு 720இல் ஒன்று. அது விதியின் குற்றமன்று, உங்கள் தம்பியின் கிரகபலன். ஆனால் அந்த அபூர்வத்தை ஒதுக்கிவிட்டாலும் நிலைமை நல்லதில்லை. மந்திரவாதியின் காப்பு எண் (அம்பு பட எதிரி எட்ட வேண்டிய எண்) 12 என்று வைத்துக்கொண்டால், கொப்ளினுக்குத் தாக்குதலில் 4 கூடுவதால், நூற்றுக்கு 65 அம்புகள் படும். சேதம் 3 முதல் 8 வரை. 7 உயிர்ப்புள்ளி உள்ளவரை ஒரே அம்பு சாய்த்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அவர் தவறு எதுவும் செய்யாமலேயே இது நடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

மேலும், நீங்கள் வைத்த மோதலே கடினமானது. நான்கு கொப்ளின்களுக்குத் தலா 50 வீதம் 200 அனுபவப் புள்ளிகள் (எதிரிகளை வென்றால் கிடைப்பவை, நிலை உயர உதவுபவை); எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் அதை இரட்டிக்க வேண்டும் என்பதால் 400. முதலாம் நிலையில் ஒருவருக்கு “உயிராபத்தான மோதல்” என்பதன் எல்லை 100, நால்வருக்கு 400. அதாவது, ஆட்டத்தின் மிக உயர்ந்த கடின எல்லையை முதல் அரை மணி நேரத்திலேயே தொட்டிருக்கிறீர்கள், அதுவும் பதுங்கித் தாக்கும் வசதியை எதிரிக்குக் கொடுத்து. இதே நான்கு கொப்ளின்கள் மூன்றாம் நிலை வீரர் நால்வருக்கு எதிரே நின்றால் மோதல் “எளிது” என்ற வகைக்குள் அடங்கிவிடும். உங்கள் மந்திரவாதிக்கும் அப்போது சராசரிக் கணக்கில் 17 உயிர்ப்புள்ளிகள் இருந்திருக்கும். அந்த 14 சேதத்தை வாங்கியும் எழுந்து நின்றிருப்பார்.

பழைய பகடை:

கணக்கன் சொல்வது சரி, ஆனால் எனக்கு மூன்றாம் நிலைத் தொடக்கம் பிடிப்பதில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோதும் புதிய கதாபாத்திரம் ஒரே அடியில் சாகக்கூடியதாகத்தான் இருந்தது. பின்னால் வந்த மேம்பட்ட பதிப்பில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிக்கு நான்கு முகப் பகடைதான் கொடுத்தார்கள். அதை அக்காலத்தவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், புதிய கதாபாத்திரத்தை உருவாக்க அதிக நேரம் தேவைப்படவில்லை என்பதே. (1977இல் வந்த டிராவலர் என்ற இன்னொரு கதை ஆட்டத்தில், கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போகவும் கூடும். நான் ஒருமுறை ஒரே மாலையில் இருவரை அப்படி இழந்திருக்கிறேன்.) எட்டுப் பக்கம் எழுதிவிட்டு வருகிற பையனிடம் அதே மரணத்தைக் கொடுத்தால் அது கடினம் அல்ல, விரயம். பலவீனமாகத் தொடங்குவதென்றால் பூர்வீகத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள், மிச்சத்தை உயிர் பிழைத்தவர்கள் எழுதட்டும். டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவரும் பூச்சிய நிலைச் சாதாரண மனிதர் சிலரைக் கூட்டிக்கொண்டு போவார்கள், தப்பி வருபவரே முதலாம் நிலையை அடைவார்.

இன்னொன்று: அம்பு வருமுன் அடையாளம் வர வேண்டும். உங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற மான்களைப் பார்த்திருப்பீர்கள், ஏதாவது நெருங்கினால் மேய்வதை விட்டுவிட்டுக் காதை நிமிர்த்தி எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். உங்கள் காட்டுப் பாதையிலும் அப்படி நான்கு மான்களை நிறுத்தி, அவை பற்றையையே பார்க்கின்றன என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் நேரே நடந்து போகிறவன் செத்தால், அவனே ஒப்புக்கொள்வான்.

கிண்ணியாப் பாலம்:

மூன்றாம் நிலை புதியவர்களுக்குப் பாரம்; கதாபாத்திரத்தின் தொழிலுக்குள் ஓர் உட்பிரிவைத் தெரிவு செய்வது, கூடுதல் மந்திரங்கள் என்று முதல் நாளே தலை சுற்றிவிடும். நாங்கள் முதலாம் நிலையிலேயே தொடங்கி, 2008இல் வந்த நான்காம் பதிப்பின் வழக்கத்தை மட்டும் இரவல் எடுத்தோம்: மந்திரவாதிக்கு 10உடன் உடல்வலு எண்ணை முழுவதுமாகக் கூட்டினோம். உடல்வலு 12 என்றால் 22 உயிர்ப்புள்ளிகள். திறமைகள் குறைவாகவே இருக்கும், தவறு செய்ய மட்டும் இடம் கிடைக்கும். இரண்டாம் நிலைக்கு 300 அனுபவப் புள்ளிகளே போதும் என்பதால் இந்தச் சலுகை நெடுநாள் உறுத்தாது.

உவர்மலை நடத்துநர்:

மூவருக்கும் நன்றி. பழைய பகடை அண்ணாவின் மான்களை எடுத்துக்கொள்கிறேன். உயிர்ப்புள்ளிக்குக் கிண்ணியா நண்பரின் வழி. கொப்ளின்களை இரண்டாகக் குறைத்துவிட்டேன். எட்டுப் பக்கமும் வீணாகவில்லை: செத்த அண்ணனைத் தேடி வருகிற தங்கையைத் தம்பி அதே கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கியிருக்கிறான். முதல் வரியில் பெயர்கூட இல்லை, “உடல்வலு 16” என்றுதான் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறான்.