அரபி இலக்கணம் தொடங்கியவர்களே, எந்த இடத்தில் பிடிபட்டது?

தொடங்கியவர்:
ஓதத் தெரியும், பொருள் தெரியாது. சின்ன வயதில் மக்தபுக்கு (குர்ஆன் ஓதப் பழகும் பள்ளிக்கு) போன பலருக்கும் இதுதான் நிலைமை. இப்போது நஹ்வும் (வாக்கிய இலக்கணம்) ஸர்ஃபும் (சொல் உருவ இலக்கணம்) முதலிலிருந்து படிக்க உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கவில்லை. உங்களுக்கு எந்த இடத்தில், யார் சொல்லிப் பிடிபட்டது? அதை எழுதுங்கள்.

காயல்வாசி:
மதரஸாவில் எங்களுக்கு முதலில் மனப்பாடம்தான். ‘ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ’ (செய்தான், இருவர் செய்தார்கள், பலர் செய்தார்கள்) என்று ஒரு வினைக்கு 14 உருவம், ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். விளக்கம் பிறகு வரும் என்பார் ஹஜ்ரத், எங்கள் ஆசிரியர். சொற்கள் மூன்றே வகை: இஸ்மு, ஃபிஅல், ஹர்ஃபு. பெயர், வினை, இடைச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் பெயரடை என்பதும் அங்கே இஸ்முக்குள்தான்.

எனக்கு விளங்கியது சொல்லின் கடைசி ஒலியில். ‘ளரப ஸைதுன் அம்ரன்’, அதாவது ஸைது அம்ரை அடித்தான். (ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இலக்கணப் புத்தகங்களில் அடித்துக்கொண்டே இருக்கிறான், யாரும் விலக்கிவிடக் காணோம்.) ஹஜ்ரத் பெயர்களை இடம் மாற்றி, ‘ளரப அம்ரன் ஸைதுன்’ என்று பலகையில் எழுதி, “இப்ப யாருப்பா அடிச்சது?” என்றார். வகுப்பில் சத்தமே இல்லை. “அம்ரை ஸைது அடித்தான்னு சொன்னா அடி வாங்கினது யாரு? அந்த ‘ஐ’ செய்ற வேலையத்தான் இங்க ‘அன்’ செய்யுது.” அவ்வளவுதான். ‘உன்’ என்று முடிந்தால் எழுவாய், அது ரஃப்உ. ‘அன்’ என்றால் செயப்படுபொருள், அது நஸ்பு. முன்னிடைச்சொல்லுக்குப் பிறகும், ‘இன்னாருடைய’ என்று வரும்போது உடையவர் பெயரிலும் ‘இன்’, அது ஜர்ரு. விதிவிலக்குகள் பின்னால் வரிசை கட்டி வரும். ஆனால் எட்டு வேற்றுமை படித்து வளர்ந்த நமக்கு இந்த மூன்று ஒரு சுமையா?

அன்றைக்கே ஒரு கதையும் சொன்னார். பஸ்ராவில் வாழ்ந்து 688-இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீதான் இந்த இலக்கணத்துக்கு வித்திட்டவர் என்பது மரபு. அவர் மகள் வானத்தைப் பார்த்து ‘மா அஹ்ஸனுஸ் ஸமாஇ’ என்றாளாம். “அதன் நட்சத்திரங்கள்” என்றார் தகப்பனார். அவளோ கேள்வியே கேட்கவில்லை, வானம் எவ்வளவு அழகு என்று வியந்தாள். வியப்பதென்றால் ‘மா அஹ்ஸனஸ் ஸமாஅ’ என்று சொல்லியிருக்க வேண்டும். உகரமும் இகரமும் வந்ததால் ‘வானத்தில் மிக அழகானது எது’ என்று கேள்வியாகிவிட்டது. நடந்ததோ இல்லையோ, பாடம் மறக்காது.

தமிழாசிரியை:
நான் பணி ஓய்வுக்குப் பிறகு பக்கத்துத் தெரு ஆலிமாவிடம் (மார்க்கக் கல்வி கற்ற பெண்) அரபி படிக்கிறேன். உடன் படிப்பவர்கள் எல்லாரும் ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகள். ‘அல்பைது கபீருன்’ என்று எழுதினால் ‘இஸ்’ எங்கே என்று தேடுகிறார்கள். ‘வீடு பெரியது’ என்பதில் எங்கே இருக்கிறது?

இன்னொரு நாள் ‘அல்குதுபு ஜதீததுன்’ வந்தது. புத்தகங்கள் பன்மை, ஆனால் ‘புதியது’ என்ற சொல் பெண்பால் ஒருமையில் நிற்கிறது. ஆசிரியர்களைச் சொல்லும்போது மட்டும் ‘அல்முதர்ரிஸூன ஜுதுதுன்’ என்று பன்மை. இது என்ன அநியாயம் என்று பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். ஆலிமா, “பகுத்தறிவு உள்ளதற்கு ஒரு சட்டம், இல்லாததற்கு ஒரு சட்டம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயர்திணை, அஃறிணை! நாமும் பேச்சில் ‘புஸ்தகமெல்லாம் இருக்கு’ என்று ஒருமையில்தானே சொல்கிறோம். விலங்கு, பறவை எல்லாம் அங்கேயும் அந்தப் பக்கம்தான்.

ஒருமையில் மட்டும் நம் வழி உதவாது. அஃறிணைக்கென்று தனிப் பால் கிடையாது. எல்லாமே ஆண் அல்லது பெண். சூரியன் பெண், நிலா ஆண். கண், காது, கை பெண். கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

பழைய குமாஸ்தா:
வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தபோது வாரிசுச் சான்றிதழுக்கு ஓர் இளம் மௌலவி வந்தார். கையெழுத்துக்குக் காத்திருந்த நேரத்தில், “சார், உங்க மேசை மேல பாதி ஸர்ஃபு கிடக்கு” என்றார். வாரிசு, ஆஜர், ஜாமீன் மூன்றும் ஒரே அச்சு, ‘ஃபாஇல்’, செய்பவர் என்று காட்டுவது. மாமூல், மகசூல் இரண்டும் ‘மஃப்ஊல்’, செய்யப்பட்டது. மகசூலும் தாசில்தாரில் இருக்கும் தாசிலும் ஹா, ஸாத், லாம் என்ற ஒரே மூன்று எழுத்து வேரிலிருந்து கிளைத்தவை. பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. நான் உற்சாகத்தில் வசூலையும் அதில் சேர்த்தேன். “அது ‘வாவ்’ எழுத்தில் தொடங்கும், வேறு வேர் சார்” என்றார். மாமூல் என்றால் வழக்கமாகச் செய்யப்பட்டுவருவது என்று அவர் சொன்னபோது அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தோஹாவிலிருந்து:
ஊரில் படித்த ‘உன், அன், இன்’ எல்லாம் வைத்துப் பேசினால் இங்கே செய்தி வாசிப்பவர் மாதிரி பார்ப்பார்கள். ‘ஐன’ (எங்கே) என்று நான் கேட்பதை எகிப்துக்காரர் ‘ஃபேன்’ என்பார், கத்தர்க்காரர் ‘வேன்’ என்பார். பேச்சில் கடைசி ஒலிகள் உதிர்ந்துவிட்டன. பத்திரிகையிலோ உயிர்க்குறி அச்சிடுவதே இல்லை. இலக்கணம் தெரிந்தவன்தான் மனதுக்குள் அதைப் போட்டு வாசிக்க முடியும். ஆகவே படித்தது வீணில்லை.

எண்ணில் மட்டும் எல்லாருமே திணறுகிறார்கள். 3 முதல் 10 வரை பால் தலைகீழ்: மூன்று ஆண்கள் ‘ஸலாஸது ரிஜாலின்’, மூன்று பெண்கள் ‘ஸலாஸு நிஸாஇன்’. பெண்பால் விகுதி ஆண்களுக்குப் போய்விட்டது. 10-ஐத் தாண்டினால் ஆள் பதினொரு பேர், ஆனால் ‘ரஜுலன்’ என்று ஒருமை. என்னோடு வேலை செய்யும் சிரியாக்காரர், தன் மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க என்னைத்தான் கேட்டார்.

தொடங்கியவர்:
காக்காமார்களுக்கும் (அண்ணன்மார்களுக்கும்) டீச்சருக்கும் நன்றி. அகராதியில் சொல் தேடவே எனக்குத் தெரியவில்லை. ‘இஸ்திக்பால்’ என்று அலிஃபில் தேடினால் இல்லை.

தோஹாவிலிருந்து:
வேரைப் பிடித்துத் தேட வேண்டும், தம்பி. ஓட்டல், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இங்கே அந்தப் பலகைதான் இருக்கும். முன்னால் ஒட்டிய ‘இஸ்தி’யையும் இடையில் உள்ள நெடிலையும் கழற்றுங்கள். காஃப் (இரண்டு புள்ளி உள்ள ق), பா, லாம் மிஞ்சும். அந்தக் காஃபில் போய்ப் பாருங்கள், நிக்காஹில் சம்மதம் என்று சொல்கிற கபூலும், தொழும் திசையான கிப்லாவும் அதே வேரின் கீழ்தான் இருக்கும்.