2011க்கு முன் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்களும் தகுதித் தேர்வும்: தெளிவு வேண்டுகிறேன்

ஒன்றியப் பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சியை முடித்து, 2004இல் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியேற்றேன், 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டேன். இடையில் அஞ்சல்வழியில் இளங்கலைத் தமிழும் அதன்பின் பி.எட். படிப்பும் முடித்தேன். இப்போது எனக்கு வயது 46.

சென்ற மாதம் 1ஆம் நாள் (1.9.2025) ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். 2011க்கு முன் வந்தவர்களுக்கு விலக்கு உண்டு என்று இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தோம். பதவி உயர்வு வேண்டாதவர்கள் தேர்வு எழுத வேண்டியதில்லை என்று சிலரும், எழுதாவிட்டால் வேலையே போய்விடும் என்று சிலரும் கூறுகின்றனர். என் பெயர் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியலிலும் இருக்கிறது. அப்படியானால் நான் எழுத வேண்டியது முதல் தாளா, இரண்டாம் தாளா? 21 ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு மீண்டும் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்பது மனத்தை வருத்துகிறது. அதைவிட, எது சரியான செய்தி என்று தெரியாமல் இருப்பதுதான் உறங்கவிடாமல் செய்கிறது. விதிகளை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பணிவிதி வாசகன்:

வணக்கம் அம்மா. நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். பதவி உயர்வை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பணியில் தொடர்வதற்கே இப்போது தேர்ச்சி தேவைப்படுகிறது. இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாம் இத்தனை நாள் நம்பியிருந்தது அடியோடு தவறு என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

1.4.2010 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு குறிப்பிடும் ஓர் அமைப்புக்கு அளித்தது. அந்த அமைப்பாகிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23.8.2010 அன்று வெளியிட்ட அறிவிக்கையில், பட்டயம் அல்லது பட்டத்துடன் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாடு அரசு 15.11.2011 நாளிட்ட அரசாணை 181இன் வழியாக அதை ஏற்று, தேர்வை நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம் ஒப்படைத்தது. ஆனால் அதே 2010 அறிவிக்கையின் 4ஆம் பத்தி, அந்த நாளுக்கு முன்பே, 2001ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி முறையாக நியமிக்கப்பட்டவர்கள் புதிய தகுதியைப் பெற வேண்டியதில்லை என்று கூறியது. "2011க்கு முன் வந்தவர்களுக்கு விலக்கு" என்று நாம் பேசிக்கொண்டதற்கு அடிப்படை இதுதான். அது வெறும் வாய்வழிச் செய்தி அன்று.

பின்னர் 2017இல் 23ஆம் பிரிவு திருத்தப்பட்டது. 31.3.2015 அன்று பணியில் இருந்து குறைந்தபட்சத் தகுதி இல்லாதவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் அதைப் பெற வேண்டும் என்று ஒரு வரம்பு சேர்க்கப்பட்டது. பயிற்சியே பெறாதவர்களுக்கான ஏற்பாடு அது என்று எண்ணி, பட்டயம் பெற்ற நாம் அதைக் கடந்து சென்றோம். 2.6.2023 அன்று சென்னை உயர் நீதிமன்றம், 29.7.2011க்கு முன் நியமிக்கப்பட்டோர் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. உங்கள் ஒன்றியத்தில் சிலர் இன்றும் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான். அதன் மீதான மேல்முறையீடுகளையும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்குகளையும் சேர்த்து விசாரித்துத்தான் உச்ச நீதிமன்றம் 1.9.2025 தீர்ப்பை வழங்கியது.

அந்த நாளில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்ச்சி இல்லாமலே ஓய்வு பெறும் வரை பணியில் இருக்கலாம். பதவி உயர்வு மட்டும் கிடையாது. இந்தச் சலுகையை அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு நீதிமன்றம் வழங்கியிருக்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களோ தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தவறினால் பணியிலிருந்து விலக வேண்டும், அல்லது கட்டாய ஓய்வு அளிக்கப்பட்டு உரிய பணப்பயன்கள் தரப்படும். நம் மாநிலத்தில் ஓய்வு வயது 60 என்பதால் உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ 14 ஆண்டுகள் இருக்கின்றன. ஆகவே 2027 ஆகஸ்ட் இறுதிக்குள் நீங்கள் தேர்ச்சி பெற வேண்டும். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் சீராய்வு மனுவைத் தமிழ்நாடு அரசு நாடியிருந்தாலும், அதன் முடிவுக்காகக் காத்திருந்து படிக்காமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

இனித் தாள் பற்றி. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கும் உங்களுக்குப் பணியில் தொடர முதல் தாள். பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு, ஆறு முதல் எட்டு வரைக்குரிய இரண்டாம் தாள். இரண்டுமே 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. 2025 அக்டோபர் நிலவரப்படி பொதுப் பிரிவினருக்கு 90, நம் மாநிலத்தில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் அளிக்கப்பட்ட 5 விழுக்காட்டுத் தளர்வின்படி 82 எடுத்தால் தேர்ச்சி. இரண்டாம் தாளில் 60 மதிப்பெண்ணுக்கு உரிய பகுதியைக் கணிதமும் அறிவியலும் என்றோ சமூக அறிவியல் என்றோ தெரிவுசெய்யும் உரிமை தமிழாசிரியர்களுக்கு உண்டு. முதலில் முதல் தாளை முடியுங்கள்.

எண்பத்து நான்கு:

அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. என்றாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் 2013 ஆகஸ்டில் இரண்டாம் தாள் எழுதி 84 மதிப்பெண் பெற்றேன். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட தளர்வால் தேர்ச்சியாளர் பட்டியலுக்குள் வந்தேன். அப்போது நியமனம் தகுதித் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நடைபெறவில்லை. நூற்றுக்கு 60 பங்கு தகுதித் தேர்வுக்கும், 10 பங்கு பன்னிரண்டாம் வகுப்புக்கும், பட்டத்துக்கும் பி.எட். படிப்புக்கும் தலா 15 பங்கும் என்று கணக்கிடும் முறை இருந்தது. 1990களில் கிராமப் பள்ளியில் படித்து, அக்கால மதிப்பெண் வழக்கப்படி நடுத்தரமாகத் தேறிய என் போன்றோர், பத்து ஆண்டுகள் கழித்துப் படித்து மதிப்பெண்களை அள்ளியவர்களோடு அந்தக் கணக்கில் நிற்க முடியவில்லை. பிறகு 20.7.2018 நாளிட்ட அரசாணை 149, தகுதித் தேர்வில் தேறியவர்களும் நியமனத்துக்கெனத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. தேர்ச்சிச் சான்றிதழ் ஏழு ஆண்டுகளே செல்லும் என்றிருந்து, 2021இல்தான் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆனது. இத்தனைக்கும் இடையில் நான் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் ஒருவருடைய வேலையும் போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஒருவர் வெளியேறினால்தான் எனக்கு இடம் என்று எண்ணும் மனம் எனக்கு இல்லை. ஆனால் இந்தத் தேர்வை அவமதிப்பு என்று மூத்த ஆசிரியர்கள் பேசும்போது, பல இரவுகள் கண்விழித்துப் படித்து அதே தேர்வில் தேறி, இன்னும் வாசலில் நிற்கும் எங்களுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். குழந்தை உளவியலிலும் தாம் நடத்தும் பாடத்திலும் ஓர் அடிப்படை அளவுகோல் எல்லா ஆசிரியர்க்கும் பொதுவாக இருக்கட்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

தம்பி, உங்கள் வேதனை நியாயமானது. உங்களுக்கு நேர்ந்ததும் விதியை நடுவழியில் மாற்றியதால் வந்த துன்பம்தான். அம்மாவுக்கு நேர்வதும் அதுவே. அதனால் நீங்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் இருந்தேன். அவற்றுள் பெரும்பகுதி ஈராசிரியர் பள்ளிகள். ஒரே அறையில் மூன்று வகுப்புகளை அமர்த்தி, ஒரு குழு எழுதும்போது இன்னொரு குழுவைப் படிக்கவைத்து, மூன்றாவது குழுவில் அன்று பசியோடு வந்த பிள்ளை யார் என்று கண்டறிவது ஒரு திறன். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வால் அதை அளக்க இயலாது. பணிக்கு வருவோரை வடிகட்ட அத்தகைய தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 20 ஆண்டுகள் பணி செய்தவரைத் தொடர விடலாமா என்று முடிவு செய்யவும் அதே கருவியைப் பயன்படுத்துவதுதான் பொருந்தவில்லை. வட்டார வள மையங்களில் ஆண்டுதோறும் பெற்ற பணியிடைப் பயிற்சி, வகுப்பறைப் பார்வை அறிக்கை, மாணவர் அடைவு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும் ஒரு மதிப்பீட்டை அரசு முன்வைத்திருந்தால் நான் மனமார வரவேற்றிருப்பேன்.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு மட்டும் கடமை விதிக்கவில்லை. தொடக்க வகுப்புகளில் 30 மாணவர்க்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்க வகுப்புகளில் 35 பேருக்கு ஒருவர் என்று அரசுக்கும் கடமை வகுத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று அதன் 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆசிரியரின் தகுதியைக் கேட்கும் அதே கண்டிப்போடு இவற்றையும் கேட்க வேண்டும்.

ஆயினும், அம்மா, நீங்கள் எழுதுங்கள். முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் 30 மதிப்பெண். தமிழும் சூழ்நிலையியலும் உங்களுக்குக் கைவந்தவை. குழந்தை மேம்பாட்டில் உளவியல் அறிஞர்களான பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் ஆகியோரின் கோட்பாடுகளை உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் முகங்களோடு இணைத்துப் படித்தால் மறக்காது. நம்மவர்கள் தடுமாறுவது கணிதத்திலும் ஆங்கிலத்திலும்தான். வினாவின் கடினம் நாம் நடத்தும் வகுப்போடு நிற்பதில்லை என்பதால் எட்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை ஒருமுறை முழுமையாகப் போட்டுப் பாருங்கள்.

உதவிபெறும் பள்ளி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சிறுபான்மையினர் நடத்தும் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். எங்களுக்கும் இந்த இரண்டாண்டுக் கெடு உண்டா?

பணிவிதி வாசகன்:

இப்போதைக்கு இல்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. அது சரியா என்ற ஐயத்தை இந்தத் தீர்ப்பு எழுப்பி, முடிவுக்காகப் பெரிய அமர்வுக்கு அனுப்பப் பரிந்துரைத்திருக்கிறது. அதன் விடை எதிராக வந்தால் உங்களுக்கும் கடமை வரும். வயதும் நேரமும் இடங்கொடுத்தால் இப்போதே எழுதிவைப்பது நல்லது.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. உயர்நிலைப் பள்ளியில் இருந்தாலும் ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு உண்டு.

ஒன்றியப் பள்ளி ஆசிரியை:

பதில் எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. 2013இல் தேறிய சகோதரருக்குத் தனியாக ஒரு சொல்: நான் "நிரூபிக்க வேண்டும்" என்று எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் இடத்திலிருந்து இதை நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று முதல் தாளுக்கு விண்ணப்பித்துவிட்டேன். தேர்வு நவம்பர் 15ஆம் நாள். கடைசியாக ஒரு கேள்வி. எவ்வளவு முயன்றும் 2027க்குள் தேறாமல் கட்டாய ஓய்வு என்று வந்தால், எனக்கு மாத ஓய்வூதியம் இருக்குமா? கணவருக்கு நிலையான வருமானம் இல்லை. மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

பணிவிதி வாசகன்:

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1.4.2003 அன்றோ அதன் பின்னரோ பணியில் சேர்ந்தோருக்கு 1978ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகள் பொருந்தா. நீங்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பிடித்தமும் அரசின் பங்கும் வட்டியுமாகச் சேர்ந்த தொகை மொத்தமாகக் கைக்கு வரும். 2025 அக்டோபர் நிலவரப்படி அதிலிருந்து மாத ஓய்வூதியம் இல்லை. "கட்டாய ஓய்வு" என்ற ஒரே சொல் 2003க்கு முன் சேர்ந்தவருக்கு ஒரு பொருளும் உங்களுக்கு வேறு பொருளும் தருகிறது. சீராய்வில் அரசும் சங்கங்களும் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே என்று நான் கருதுகிறேன்.

இரண்டு வேலைகளை இந்த வாரமே செய்யுங்கள். தேர்வு எழுதவிருப்பதை வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்துவழி தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, பணிப்பதிவேட்டில் 2004 நியமன ஆணையும் 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்த ஆணையும் முறையாகப் பதியப்பட்டுள்ளனவா என்று பார்த்து நகல் எடுத்து வையுங்கள். தொகுப்பூதியக் காலம் பணிக்காலமாகக் கொள்ளப்படுமா என்ற வினா எழுந்தால் அந்த இரு பக்கங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எண்பத்து நான்கு:

பொறுத்தருள ஒன்றுமில்லை அம்மா. கணிதப் பகுதிக்கு நான் உதவுகிறேன். விகிதம், தனிவட்டி, பரப்பளவு, எண் தொடர் ஆகியவற்றுக்கு என் மாணவர்களுக்காக எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. ஞாயிறு மாலைக்குள் இங்கேயே ஒவ்வொன்றாகப் பதிவிடுகிறேன். எந்தக் கணக்கில் தடுமாறினாலும் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.