‘ஸேக்’, ‘பிரீலோட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கோவையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருப்பவர்கள் அதை வளைவுகளில் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பும்படி தாங்களே அமைத்துக்கொள்ள ஒரு கையேடு எழுதி வருகிறேன். வேலை இரண்டு சொற்களில் நிற்கிறது: ‘ஸேக்’, ‘பிரீலோட்’.

முதல் சொல்லின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும், ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாய்கள்) ஷாக்கும் (பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) முழுக்க நீண்டிருக்கும் நிலையிலிருந்து, எடை ஏறியதும் எத்தனை மி.மீ. இறங்குகின்றன என்பதே ஸேக். இது கோளாறு அல்ல. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர்ந்து பிடிக்க இந்த இறக்கம்தான் இடம் தருகிறது. இந்த வண்டியின் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரம், முன்னே 110 மி.மீ., பின்னே 88 மி.மீ. ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் முன்னே 33–38, பின்னே 25–29 மி.மீ. இறங்கினால் நம் சாலைகளுக்குப் பொருந்தும்.

மின்கம்பிக்குச் சொல்வதுபோல இதற்கும் ‘தொய்வு’ என்று வைக்கலாமா? ஸ்பிரிங்கை மாட்டும்போதே ஓரளவு அமுக்கி வைப்பதுதான் பிரீலோட். அதற்கு ‘முன்சுமை’ என்று எழுதியிருக்கிறேன். கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து:

> தொய்வு என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. பின்பக்க உயரம் மாறினால் செயின் தொய்வையும் மறுபடி அளக்க வேண்டும் என்று அதே பக்கத்தில் எழுதப்போகிறீர்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தொய்வு இருந்தால் படிப்பவர் எதை அளப்பார்? தொய்ந்த ஸ்பிரிங் என்றால் ஆயுள் முடிந்த ஸ்பிரிங் என்ற பொருளும் வந்துவிடும். பட்டறையில் ‘ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு’ என்று சொல்வது அதைத்தான். வேண்டிய ஒன்றுக்குக் கோளாறின் பெயரை வைக்கக் கூடாது.

‘அமிழ்வு’ என்று வைக்கலாம். மெத்தையில் உட்கார்ந்ததும் அமிழ்கிறோமே, அதே நிகழ்வுதான். வண்டி தன் எடையால் மட்டும் இறங்குவது வண்டி அமிழ்வு. ஆள் ஏறியபின் இறங்கும் மொத்த அளவு ஆள் அமிழ்வு.

> பிரீலோடுக்கு ‘முன்சுமை’

இதில்தான் எனக்குப் பெரிய கவலை. பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சுமை என்ற சொல் அந்த நம்பிக்கையை இன்னும் உறுதியாக்கும். 1 மி.மீ. அமுங்க 9 நியூட்டன் கேட்கும் ஒரு ஃபோர்க் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போதே அதை 10 மி.மீ. அமுக்கி வைத்தால் 90 நியூட்டன் வந்த பிறகே நகரத் தொடங்கும். 20 மி.மீ. அமுக்கி வைத்தால் 180 நியூட்டனில் தொடங்கும். ஆனால் தொடங்கிய பின் இரண்டிலும் ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 9 நியூட்டன்தான். விறைப்பு மாறவில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறியது.

அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டி அமிழ்வு பூஜ்யமாகிவிடும். பிறகு சக்கரம் பள்ளத்தில் இறங்க வழியில்லை. ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் ஷாக் முழுக்க நீண்டு ‘டக்’ என்று தட்டும். அதை ஸ்பிரிங்கின் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

‘முன்னமுக்கம்’ என்று எழுதிப் பாருங்கள். நடப்பதை அப்படியே சொல்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். அமிழ்வு எங்களுக்கும் விளங்குகிறது, ஏற்கலாம். முன்னமுக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். இலங்கையில் அமுக்கம் என்றால் நீங்கள் அழுத்தம் என்று எழுதுகிற அதே அளவு. ரயர் அமுக்கம், குருதி அமுக்கம், தாழமுக்கம் எல்லாம் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் கையேட்டில் ‘முன்னமுக்கம் 15’ என்று கண்டால் இங்குள்ளவர் முன் சில்லுக்குக் காற்றுப் பார்க்கப் போவார்.

இன்னொன்று, ‘முன்’ என்ற ஒட்டே இந்த இடத்துக்குச் சரிவராது. இரண்டு சில்லு வாகனத்தில் முன் என்றால் முன்பக்கம். முன்சுமை என்றால் முன் சில்லின்மேல் விழும் சுமை என்றுதான் படிப்பார்கள். அப்படி ஒரு அளவு உண்மையிலேயே இருக்கிறது, கையேட்டில் அதுவும் வரலாம். ‘பின்பக்க முன்சுமை’ என்று எழுத நேர்ந்தால் நிலைமை என்ன?

எதை அளக்கிறோம் என்று பார்த்துப் பெயர் வைப்போம். ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்தால் ஒரு நீளம். ஃபோர்க்கில் போட்டு மூடியை இறுக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போது அதைவிடக் குறைந்த ஒரு நீளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மி.மீ. கணக்கில் வரும் பிரீலோட். அதாவது ஸ்பிரிங் தொடக்கத்திலேயே குறுகியிருக்கும் அளவு. ‘தொடக்கக் குறுக்கம்’ என்று சொல்லலாமே. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் படித்த எவருக்கும் குறுக்கம் என்றால் அளவு குறைதல் என்று தெரியும். சுமை, அழுத்தம், இறுக்கம் என்ற எந்த எண்ணமும் அதில் ஏறாது.

கோவையிலிருந்து:

தொடக்கக் குறுக்கத்தை ஏற்கிறேன். ‘முன்’ பற்றிய எச்சரிக்கைக்குத் தனி நன்றி. சொல் வாக்கியத்துக்குள் ஓடுகிறதா என்று பார்க்க, பின்பக்கம் பற்றிய பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

“மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே உடற்பகுதியில் ஒட்டிய டேப்வரை அளக்கவும். இது முதல் அளவு. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வழக்கமாக அணியும் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு ஏறி, ஃபுட் ரெஸ்டில் கால் வைத்து உட்காரவும். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, மற்றவர் பின்பக்கத்தை அழுத்தி மெல்ல விட்டு அளக்கட்டும். பிறகு தூக்கி மெல்ல விட்டு அளக்கட்டும். இந்த இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் ஆள் அமிழ்வு. 29 மி.மீ.க்கு மேல் இருந்தால் சி ஸ்பேனரால் இரண்டு ஷாக்கிலும் காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கும் படிவளையத்தை) ஒரே படிக்கு ஏற்றித் தொடக்கக் குறுக்கத்தைக் கூட்டவும். மொத்தம் 5 படிகள் உண்டு. ஆள் அமிழ்வு சரியான பிறகு, ஆள் இறங்கி வண்டி அமிழ்வை அளக்கவும். 5 முதல் 10 மி.மீ. வந்தால் ஸ்பிரிங் பொருத்தம். ஏறக்குறைய ஒன்றுமே இல்லையென்றால் ஓட்டுபவர் எடைக்கு ஸ்பிரிங் மெலிது. காலரைத் திருகிப் பயனில்லை, ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். 10-ஐ நன்றாகத் தாண்டினால் ஸ்பிரிங் கடினம்.”

மெலிந்த ஸ்பிரிங்குக்கு வண்டி அமிழ்வு குறைவாக வருவது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். ஆள் அமிழ்வைச் சரிக்கட்ட அந்த ஸ்பிரிங்குக்கு நிறையத் தொடக்கக் குறுக்கம் கொடுத்துவிட்டோம், அதனால் வண்டியின் எடை மட்டும் அதை அசைக்கப் போதவில்லை. ‘முன்சுமை’ என்று எழுதியிருந்தபோது இதை விளக்க ஒரு பக்கம் பிடித்தது. இப்போது இரண்டு வரி.

மதுரையிலிருந்து:

முன்பக்கத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். இந்த வண்டியின் ஃபோர்க்கில் வெளியே திருகும் அட்ஜஸ்டர் கிடையாது. மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) வைத்துத்தான் தொடக்கக் குறுக்கம் கூட்ட வேண்டும். 5 மி.மீ. ஸ்பேசர் சேர்த்தால் அமிழ்வு ஏறக்குறைய 5 மி.மீ. குறையும். பின்பக்கத்தில் அப்படி நேர்க்கணக்கு வராது. ஷாக் சாய்ந்திருப்பதால் அது 1 மி.மீ. குறுகும்போது அச்சு அதைவிடச் சற்று அதிகமாக நகரும். ஸ்பேசரின் இரண்டு முனையும் செங்கோணமாக வெட்டியிருக்க வேண்டும், முனைகளில் வாஷர் வேண்டும். அளவு மீறினால் ஃபோர்க் முழுக்க அமுங்கும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஃபோர்க்கின் ஒரு குழாயின் மூடியை மட்டும் கழற்றுங்கள். கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியைத் தெறிக்கவிடும், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி திருகுங்கள்.

அழுத்தி விட்ட அளவுக்கும் தூக்கி விட்ட அளவுக்கும் முன்பக்கத்தில் வித்தியாசம் மிக அதிகமாக வந்தால் ஃபோர்க் எங்கோ பிடிக்கிறது. பெரும்பாலும் முன்சக்கரத்தை மாட்டியபோது ஃபோர்க்கை அமுக்கிப் பார்க்காமல் அச்சின் பிஞ்ச் போல்ட்டை (அச்சைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டை) இறுக்கியிருப்பார்கள். அதைத் தளர்த்தி, பிரேக் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, பிறகு இறுக்கினால் போதும்.

ஃபோர்க் குழாயை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தும் வேலையை அமிழ்வுக்குப் பின்னால் வையுங்கள். வீல்பேஸ் (இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) 1400 மி.மீ. உள்ள இந்த வண்டியில் 5 மி.மீ. ஏற்றினால் 24 டிகிரி ரேக் (ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு) சுமார் 0.2 டிகிரி குறையும், டிரெயில் (அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 1 மி.மீ.க்குச் சற்று மேல் குறையும். பின்பக்கம் 10 மி.மீ. கூடுதலாக அமிழ்ந்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு எதிர்த்திசையில் போய்விடும். வளைவில் வண்டி வெளியே தள்ளும், ஏற்றியதன் பலன் தெரியாது. ஏற்றிய பிறகு ஃபோர்க் முழுக்க அமுங்கினாலும் மட்கார்டு கீழ்க் கிளாம்பிலோ ஆயில் கூலரிலோ இடிக்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

ரேக்கும் டிரெயிலும் தனி இழையில் பேச வேண்டியவை. அதுவரை கையேட்டில் அப்படியே தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து:

சம்மதம். அட்டவணையில் ‘அமிழ்வு’ என்று தனியாக எழுத வேண்டாம், ஒவ்வொரு முறையும் வண்டி அமிழ்வா ஆள் அமிழ்வா என்று குறிப்பிடுங்கள். தொடக்கக் குறுக்கத்தை மி.மீ.யிலேயே கொடுங்கள். காலர் படியை எழுதினால் ஷாக்கை மாற்றியவருக்கு அந்த எண் உதவாது.