சிறுதாவூர் கல்வட்டத்துக்கு பசங்கள கூட்டிட்டு போனது தப்பா?

சேலையூர் செந்தில்:
போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கே கிளம்பி என் பொண்ணு (ஆறாவது படிக்கிறா), பையன் (ரெண்டாவது) ரெண்டு பேரையும் திருப்போரூர் பக்கம் சிறுதாவூர் கல்வட்டம் பாக்க கூட்டிட்டு போனேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், இரும்புக்காலத்துல இறந்தவங்கள அடக்கம் பண்ண இடத்த சுத்தி பெரிய உருண்டை பாறையா வட்டமா வச்சிருப்பாங்க, உள்ள சின்ன கல்லா குவிச்சு மேடு மாதிரி இருக்கும், அதுக்கு கீழ பலகைக்கல் அறையோ தாழின்னு சொல்ற பெரிய மண் பானையோ சுட்டமண் பேழையோ இருக்கும், அதான் கல்வட்டம். எப்படியும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல. பொண்ணு ஒரு வட்டத்துல எத்தன கல்லுன்னு எண்ணி நோட்டுல வரைஞ்சா. பையன் கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு "இதுக்கு கீழ இருக்கவங்க பேரு என்னப்பா"ன்னு கேட்டான். யாருக்கும் தெரியாதுடான்னேன். வண்டில வரும்போது பூரா பேசவே இல்ல.

வீட்டுக்கு வந்தா எங்க அம்மா "புள்ளைங்கள இடுகாட்டுக்கா கூட்டிட்டு போன"ன்னு வாசல்லயே நிறுத்தி தலைக்கு தண்ணி ஊத்தி தான் உள்ள விட்டாங்க. ஃபேமிலி குரூப்ல மூணு நாளா இதே பேச்சு, அண்ணன்கூட எனக்கு பொறுப்பு இல்லன்னு சொல்லிட்டான். நான் பண்ணது சரின்னு தான் இன்னமும் நினைக்கிறேன். ஃபோட்டோவும் மேப் லிங்க்கும் போட்டிருக்கேன், பசங்க இருக்கவங்க ஒரு தடவ போய்ட்டு வாங்க.

மடிப்பாக்கம் மாலா:
செந்தில் சார், உங்க அம்மா பண்ணதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. மூடநம்பிக்கைன்னு உடனே சொல்லிடாதீங்க, நான் சொல்றத முழுசா படிங்க. போன வருஷம் எங்க மாமனார் தவறினப்போ என் சின்னவனுக்கு ஆறு வயசு, அவன அந்த பக்கமே அனுப்பல, சாமிகிட்ட போயிட்டாருன்னு தான் சொன்னோம், அதுக்கே ரெண்டு மாசம் ராத்திரி எந்திரிச்சு அழுதான். உங்க பையன் வண்டில பேசாம வந்தான்னு நீங்களே எழுதிருக்கீங்க. அத நீங்க நல்ல விஷயமா பாக்குறீங்க, ஒரு அம்மாவா எனக்கு அது படிக்கும்போதே பக்குன்னு இருந்துச்சு. ஏழு வயசுக்கு சாவு பாடம் எதுக்கு? அதுவும் அது பாம்பு நடமாடுற காடு, நிழல் இல்ல, பாத்ரூம் இல்ல. எழும்பூர் மியூசியத்துல எல்லாம் இருக்கே, ஃபேன் கீழ நின்னு பாக்கலாமே.

கல்தேடி:
மாலா சிஸ்டர் மியூசியம்னு சொன்னதுக்கு நானும் கை தூக்குறேன், ஆனா காரணம் வேற. பன்னெண்டு வருஷமா செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் பைக்ல இந்த இடங்கள தேடி அலையுறவன் நான். முதல் வேலையா அந்த மேப் லிங்க எடுங்க செந்தில். இந்த மாதிரி இடத்த வெளில சொன்னா என்ன நடக்கும்னு கண்ணால பாத்திருக்கேன். மதுராந்தகம் பக்கம் ஒரு வட்டம், ஊர் பேர் சொல்ல மாட்டேன், நான் முதல்ல பாத்தப்போ ஒரு கல்லுகூட நகரல. யாரோ ட்ரோன் வீடியோ போட்டாங்க. அடுத்த மழைக்காலம் முடிஞ்சு போனா நட்ட நடுவுல ஒரு ஆள் ஆழத்துக்கு குழி, புதையல் இருக்கும்னு தோண்டிருக்கான். அங்க தங்கமா வச்சிருப்பாங்க? உடைஞ்ச கருப்பு-சிவப்பு பானை ஓடு வெளில இறைஞ்சு கிடந்துச்சு, அது எந்த ஆழத்துல எது பக்கத்துல இருந்துச்சுங்கறது தான் அதோட மதிப்பே, அது ஒரே ராத்திரில போச்சு, இனி எந்த நிபுணர் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கு அங்க உக்காந்து அழுதேன்னு சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

பசங்க விஷயத்துக்கு வரேன். குழந்தை கல்ல பாத்தா ஏறும், ஓடு கிடந்தா பாக்கெட்ல போடும். அது குழந்தை தப்பு இல்ல, கூட்டிட்டு போறவங்க தப்பு. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்துல சேதம் பண்ணா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், 2010ல திருத்தினது. தொல்லியல் துறையோட அந்த நீல போர்டு துருப்பிடிச்சு எங்கயாவது ஒரு மூலைல நிக்கும், எந்த குழந்தை அத படிச்சிட்டு உள்ள போகும்?

ராக் ராஜகோபால்:
ஜியாலஜி படிச்சு முப்பது வருஷம் கல்லோட இருந்தவன், இப்ப பல்லாவரத்துல ரிட்டையர்டு வாழ்க்கை. கல்தேடி தம்பியோட கோவம் எனக்கு புரியுது, ஆனா ஒத்துக்க முடியல. நான் இருக்க இடத்த பத்தி சொல்றேன் கேளுங்க. 1863 மே 30, இதே பல்லாவரத்துல தான் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுங்கற ஜியாலஜிஸ்ட் ஒரு கல் ஆயுதம் எடுத்தாரு, இந்தியாவுல பழைய கற்கால மனுஷன தேடுற வேலையே அங்கருந்து தான் சூடு பிடிச்சுது. அப்புறம் இதே ஊர்ல தொல்லியல் துறை அலெக்ஸாண்டர் ரீ வரிசையா கால் வச்ச சுட்டமண் ஈமப்பேழை தோண்டி எடுத்தாரு. இன்னிக்கு பல்லாவரத்துல எந்த பையனயாவது நிறுத்தி கேளுங்க, அவனுக்கு வெள்ளிக்கிழமை சந்தை தெரியும், ஏர்போர்ட் தெரியும், இது தெரியாது. தெரியாததால தான் மேடு பூரா வீடாயிடுச்சு, ஒருத்தர்கூட ஐயோன்னு சொல்லல.

இன்னொண்ணும் சொல்லணும், பரங்கிமலை பல்லாவரம் பக்கத்து கல்லுக்கு சார்னோக்கைட்னு பேரு. கல்கத்தால ஜாப் சார்னாக்குங்கற கிழக்கிந்திய கம்பெனிக்காரரோட கல்லறைக்கு இங்கருந்து தான் கல்லு போச்சு, 1893ல ஹாலண்டுங்கற ஜியாலஜிஸ்ட் அந்த கல்லறைய வச்சே இந்த பாறை வகைக்கு பேர் வச்சாரு. இதே கல்ல தான் உடைச்சு நம்ம கான்கிரீட்டுக்கு ஜல்லியா போடுறோம். கல்வட்டத்துக்கு தோதா கைக்கு எட்டுற உருண்டை பாறை எங்க கிடக்குதோ அங்க தான் குவாரிக்காரனுக்கும் கண்ணு. புதையலுக்கு குழி தோண்டுறவன் ஒரு வட்டத்த கெடுக்குறான், ஜேசிபி ஒரே நாள்ல இருபது வட்டத்த வழிச்சு எடுத்துட்டு போயிடும். அது கெட்டதுன்னு சொல்ல ஊர்ல ஒரு பத்து பேருக்காவது தெரிஞ்சிருக்க வேணாமா?

மடிப்பாக்கம் மாலா:
ராஜகோபால் சார், உங்க வயசுக்கு மரியாதை குடுத்து தான் கேக்குறேன். இத்தன ஆயிரம் வருஷம் அந்த கல்லு நகராம இருந்துச்சே, யார் காப்பாத்துனது? சட்டமா, போர்டா? எங்க ஊர் பக்கம் இந்த மாதிரி இடத்த பாண்டவர் குழின்னு சொல்லுவாங்க, பொழுது சாஞ்சா ஆடுகூட அந்த மேட்டுல மேய விடமாட்டாங்க, அங்க கல்ல எடுத்து வீட்டுக்கு போட்டா குடும்பம் விளங்காதுன்னு சொல்லி தான் எங்கள வளத்தாங்க. அந்த பயம் தான் சார் வேலி. நீங்க புள்ளைங்கள கூட்டிட்டு போய் "இதுல ஒண்ணும் இல்ல, வெறும் கல்லு தான், வந்து தொடு, செல்ஃபி எடு"ன்னு பயத்த தெளிய வச்சிட்டீங்கன்னா அப்புறம் அந்த கல்ல யார் விட்டு வைப்பா?

கல்தேடி:
மாலா சிஸ்டர் சொன்னதுல பெரிய உண்மை இருக்கு. பாண்டு குழிங்கற பேரு 1823லயே பேபிங்டன்னு ஒருத்தர் கேரளா பக்கத்து கல்லறைங்கள பத்தி எழுதின கட்டுரைலயே தலைப்பா வந்துடுச்சு, அவ்ளோ பழைய பேச்சு அது. ஜனங்க அத பாண்டவர் இருந்த இடம்னு நினைச்சாங்க, தப்பு தான், ஆனா கை வைக்கல.

சேலையூர் செந்தில்:
மாலா மேடம், நான் தொடு, செல்ஃபி எடுன்னு சொல்லல. வண்டி நிறுத்தினதும் முதல்ல செருப்ப கழட்ட சொன்னேன். முள்ளு இருந்துச்சு, இருந்தாலும் வட்டத்துகிட்ட போகும்போது மட்டும் கழட்டினோம். "இது ஒருத்தங்க தூங்குற இடம், நம்ம தாத்தா சமாதிக்கு போனா எப்படி இருப்பமோ அப்படி இருக்கணும், வட்டத்துக்கு வெளில நின்னு தான் பாக்கணும்"னு சொன்னேன். கல்லு மேல ஒரு கைகூட வைக்கல.

பயம் தான் வேலின்னீங்க. அந்த வேலி உங்க ஊர்க்காரங்கள தடுக்கும், சென்னைலருந்து ப்ளாட் போட வர்றவன தடுக்குமா? இந்த கல்லறைங்க பெரும்பாலும் எங்க இருக்கு பாருங்க, ஏரி பக்கத்துல, ஆனா ஏரித்தண்ணி பாயாத செம்மண் மேட்டுல, விவசாயத்துக்கு ஆகாத இடமா பாத்து தான் அவங்க புதைச்சிருக்காங்க. சோறு போடுற நிலத்த செத்தவங்களுக்குனு ஒதுக்கல. இப்ப அதே மேடு தான் "கிராவல் மண்ணு, தண்ணி நிக்காது"ன்னு சொல்லி மனையா போகுது. அங்க வர்ற ஜேசிபி டிரைவர் வெளியூர் ஆளு, அவருக்கு அது பாண்டவர் குழின்னு யாரும் சொல்லல. பயம் போயிட்டிருக்க ஊர்ல அதுக்கு பதிலா ஏதாவது ஒண்ணு வந்தாகணும், என் புள்ளைங்ககிட்ட நான் அத தான் வைக்க பாத்தேன்.

பையன் பேசாம வந்தது பத்தி கேட்டீங்க. அவன் பயப்படல மேடம். ராத்திரி சாப்பிடும்போது "அவங்க வீட்ல இருந்தவங்களுக்கு பேரு தெரிஞ்சிருக்கும்ல"ன்னு கேட்டான். அத தான் அவ்ளோ நேரம் யோசிச்சிருக்கான்.

திருப்போரூர் டீச்சர்:
இத்தன பேர் பேசுறீங்க, பக்கத்து ஊர் புள்ளைங்க பத்தி ஒருத்தரும் பேசல. நான் இந்த பக்கம் அரசுப் பள்ளில சமூக அறிவியல் எடுக்குறேன். மூணு வருஷம் முன்னாடி எட்டாவது பசங்க இருபத்தாறு பேர கூட்டிட்டு போனேன். போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வகுப்புலயே தயார் பண்ணினேன். மண்ணுல சின்ன பானை செஞ்சு, சுடும்போது கவுத்து வச்சு உள்ள காத்து போகாம அடைச்சா உள்பக்கம் கருப்பாவும் வெளிப்பக்கம் சிவப்பாவும் வரும்னு சொல்லி, உமி போட்டு செஞ்சும் பாத்தோம். முக்காவாசி வெடிச்சு போச்சு, நாலு சரியா வந்துச்சு, அந்த நாலும் இன்னும் ஸ்டாஃப் ரூம் அலமாரில இருக்கு. அப்புறம் புறநானூறு 256ம் பாட்டு சொன்னேன், புருஷன் செத்துட்டான், அவனோட காடெல்லாம் கடந்து வந்த பொண்ணு குயவன்கிட்ட கேக்குறா, தாழிய செய்யும்போது எனக்கும் இடம் இருக்க மாதிரி அகலமா செய்யப்பான்னு. வகுப்புல ஒரு சத்தம் இல்ல. போன மழைல அம்மாவ இழந்த பொண்ணு ஒருத்தி அங்க உக்காந்திருந்தா, அவள பத்தி தான் எனக்கு கவலையா இருந்துச்சு, அவ தான் அடுத்த நாள் அந்த பாட்ட மனப்பாடம் பண்ணிட்டு வந்தா.

மாலாம்மா, சாவ மறைச்சா புள்ளைங்களுக்கு தெரியாம போயிடாது, தனியா வச்சுக்கிட்டு தவிக்கும். ஆனா ஒரு விஷயத்துல உங்க பக்கம் தான் நான், ஏழு வயசு எல்லாருக்கும் சரின்னு சொல்ல மாட்டேன், புள்ளைய பாத்து தான் முடிவு பண்ணனும். கல்தேடி தம்பி, மியூசியம் போதும்னு சொல்றீங்க, எங்க பசங்கள எழும்பூர் கூட்டிட்டு வரணும்னா பஸ் வாடகைக்கே நான் ரெண்டு மாசம் அலையணும், கல்வட்டம் அவங்களுக்கு சைக்கிள் தூரம். அவங்க ஊர் கல்ல அவங்களுக்கு மறைச்சு வச்சு யாருக்காக காப்பாத்த போறீங்க? அந்த இருபத்தாறுல ரெண்டு பசங்க போன வருஷம் ராத்திரி ஒரு வண்டி மேட்டுல ஏறினத பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணாங்க, நான் விஏஓ கிட்ட சொன்னேன், வண்டி திரும்பி போச்சு.

கல்தேடி:
டீச்சர், இத படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. ஊர் பசங்கள பத்தி நான் யோசிக்கவே இல்லங்கறது நிஜம். உங்க மாதிரி ஒரு வாரம் தயார் பண்ணி கூட்டிட்டு போனா எனக்கு மறுப்பே கிடையாது. ஆனா சனி ஞாயிறுல கார் எடுத்துட்டு பிரியாணி கட்டிக்கிட்டு வர்ற சென்னை கூட்டத்துக்கு மேப் லிங்க் குடுக்கறத இன்னமும் எதிர்க்கிறேன், அதுல மாற்றம் இல்ல. தெரியாத இடத்துக்கு எதுக்கு, ஆதிச்சநல்லூர்ல தோண்டின குழி மேலயே கண்ணாடி போட்டு உள்ள தாழி தெரியுற மாதிரி பண்ணிருக்காங்க, கீழடில 2023ல மியூசியமே திறந்தாச்சு, லீவுல தெக்க போறவங்க அங்க கூட்டிட்டு போங்க. காவல் இருக்க இடத்துல கூட்டம் வரட்டும்.

ராக் ராஜகோபால்:
தம்பி, மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போனா தான் பழமைன்னு நம்ம பசங்க நினைக்கிறதே இதனால தான். சாணூர்ல 1950லயும் 52லயும் தோண்டினாங்க, குன்னத்தூர், அமிர்தமங்கலம் எல்லாம் அந்த காலத்துலயே தோண்டின இடம், எல்லாமே இந்த பக்கம் தான். தாம்பரத்துலருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். காவல் இல்லன்னா காவல் கேக்கணும், அத கேக்கவும் நாலு பேர் பாத்திருக்கணும்.

சேலையூர் செந்தில்:
மேப் லிங்க எடுத்துட்டேன். மேல இருந்த ஃபோட்டோல பின்னாடி டவர் தெரிஞ்ச ரெண்டையும் எடுத்துட்டேன். கல்தேடி அண்ணே, அந்த குழி விஷயம் நீங்க எழுதினத படிச்சப்பறம் அத விட்டு வைக்க மனசு வரல. கூட்டிட்டு போனது சரிங்கறதுல மட்டும் நான் மாறல.

நேத்து நடந்தத சொல்லிடறேன். பொண்ணு அவ பாட்டிகிட்ட, தூத்துக்குடி பக்கம் சிவகளைல தாழிக்குள்ள நெல்லு இருந்துச்சு பாட்டி, அது மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சாம், கி.மு. 1155ன்னு கணக்கு சொல்றாங்கன்னு படிச்சு காட்டினா. அம்மா அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க, முறத்த கீழ வச்சிட்டாங்க. "நெல்லா வச்சாங்க"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, எங்க தாத்தாவ எடுக்கும்போது வாய்க்கரிசி போட்டது அவங்க தானாம், அப்ப அவங்களுக்கு ஒம்பது வயசாம், யாரும் தடுக்கலையாம். நாப்பது வருஷமா எனக்கு தெரியாத விஷயம் இது. தலைக்கு தண்ணி ஊத்தினது தப்புன்னு அவங்க சொல்லல, அடுத்த தடவ போனாலும் ஊத்துவேன்னு தான் சொல்றாங்க. ஊத்தட்டும்.

மடிப்பாக்கம் மாலா:
உங்க அம்மாவ எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. சின்னவன இப்ப கூட்டிட்டு போக மாட்டேன், அதுல நான் உறுதி. பெரியவ ஒம்பதாவது, இத பூரா என் தோள் மேல எட்டி படிச்சிட்டு அந்த தாழி பாட்டு எங்க இருக்குன்னு கேக்குறா. டீச்சர், தை மாசம் வெயில் கம்மியா இருக்கும்போது உங்க பசங்களோட போறீங்கன்னா சொல்லுங்க, நாங்க ரெண்டு பேரும் வரோம், பிரியாணி எல்லாம் கட்டிட்டு வர மாட்டேன். செருப்ப கழட்டி வைக்க ஒரு பை மட்டும் எடுத்துட்டு வரேன்.

திருப்போரூர் டீச்சர்:
வாங்க மாலாம்மா. பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, காலைல ஏழு மணிக்கு ஸ்கூல் வாசல். முள்ளு இருக்கும், அவளுக்கு ஃபுல் பேண்ட் போட்டு கூட்டிட்டு வாங்க.