பழைய ஐந்து சேனல் பவர் ஆம்ப் வாங்கலாமா?

சரவெடி: ஹோம் தியேட்டர் ரிசீவரில் சத்தத்தை ஏற்றினால் சண்டைக் காட்சிகளில் வசனம் அமுங்கிப் போகிறது. முன் ஸ்பீக்கர்கள் 4 ஓம் (ஓம் குறைந்தால் ஆம்ப்புக்குச் சுமை கூடும்). ஸ்பீக்கர்களுக்குத் தனியாகச் சக்தி கொடுக்கும் பவர் ஆம்ப் ஒன்று, சேனலுக்கு 200 வாட், கைமாற்றில் வருகிறது. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரர்: ரிசீவரில் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்புக்கு சிக்னல் கொடுக்கும் சாக்கெட்) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பேச்சே இல்லை. என்னுடையது கிளாஸ் ஏபி, கனமும் சூடும் அதிகமான வகை, மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. சத்தம் பிரமாதமாகக் கூடும் என்று நினைக்காதீர்கள். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் ஏறும். ஆனால் வெடிச் சத்தத்துக்கு நடுவிலும் வசனம் பிசிறில்லாமல் வருகிறது. மூடிய டிவி அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள், படம் முடிவதற்குள் மேல்மூடி தோசைக்கல்தான்.

சரவெடி: ப்ரீ-அவுட் இருக்கிறது அண்ணே. 'ம்ம்' என்று இரைச்சல் வருமாமே?

மாடிவீட்டுக்காரர்: எனக்கும் வந்தது. கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கியதும் நின்றது. கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாகச் சுற்றிக்கொள்வதால் வரும் இரைச்சல். அந்த ஒயரில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் போட்டேன், சரியாகிவிட்டது. சிலர் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஓம்விதி: 200 வாட் ஐந்து சேனலும் ஓடும்போதா, இரண்டு ஓடும்போதா? விற்பவரிடம் கேளுங்கள். 4 ஓம் தாங்குமா என்றும் பாருங்கள். அப்புறம், 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் தனி லைன் இழுத்துவிடுங்கள்.