கிளிநொச்சியிலிருந்து ‘பவர்ஸ் ஒஃப் டென்’ மாதிரி ஒரு காணொளி: எப்படிச் செய்யலாம்?

இரணைமடுக்காற்று:
1977இல் சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் செய்த ‘பவர்ஸ் ஒஃப் டென்’ எண்ட ஒன்பது நிமிசக் குறும்படம் 10 மடங்கு 10 மடங்காய் வெளிய போய், பிறகு உள்ள அணு மட்டும் இறங்கும்; பத்தின் ஒவ்வொரு வலுவுக்கும் (10¹, 10² மீற்றர் எண்டு) ஒரு சதுரம் காட்டும். அதைப் போல, எங்கட பள்ளிக்கூட முற்றத்தில தொடங்கி தரம் 10 பிள்ளையளுக்கு ஒண்டு செய்யவேணும். செய்மதிக் காட்சியை மேல இழுத்தால் தொடக்கத்தில பாயுது, பிறகு ஊருது. ஏன்? பள்ளி நுணுக்குக்காட்டியோட எந்த வலு மட்டும் இறங்கலாம்?

கனகராயன்:
மாஸ்டர், உயரத்தைச் சமமாகக் கூட்டினதுதான் பிழை. அந்தப் படத்தில 10 செக்கனுக்கு ஒருக்கா தூரம் 10 மடங்காகுது. செக்கனுக்கு 25 பிரேம் எண்டால், ஒவ்வொரு பிரேமிலும் முந்தின உயரத்தை 1.00925 ஆல் பெருக்குங்கோ.

படத்தின்ர தொடக்கத்தில 1 மீற்றர் அகலத்தை 1 மீற்றர் தூரத்தில நிண்டு பார்க்கினம். கமராவின்ர நிலைக்குத்துப் பார்வைக் கோணத்தை 53 பாகையில வைச்சால் உயரமும் சதுரத்தின்ர பக்கமும் ஒண்டாய் வரும். உயரம் தரையிலிருந்து, கடல் மட்டத்திலிருந்து இல்லை. 10, 100 மீற்றரில அந்த வித்தியாசம் சதுரத்தைக் கெடுத்துப்போடும்.

1, 10 மீற்றருக்குச் செய்மதிப் படம் உதவாது, புகைப்படம்தான்.

மாங்குளத்தான்:
கிளிநொச்சி நகரை நடுவில வைச்சால், பக்கம் 100 கி.மீ. ஆன 10⁵ சதுரத்துக்குள்ள யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் வரும், வவுனியா வராது. 10⁶ இல முழு இலங்கையும் சென்னையும். சந்திரனின்ர பாதை 10⁹ இலதான் அடங்கும். காட்ட முதல், எந்தச் சதுரத்தில எது அடங்கும் எண்டு பிள்ளையளைக் கேட்டு எழுதுவியுங்கோ, அருமையான பாடம் அது.

நாயாறு:
10 மடங்கு பார்வைத்துண்டில 18 எண்டு (பார்வை வட்டத்தின்ர அளவு, மி.மீ. இல) போட்டிருந்தால், 40 பொருள்வில்லையில தெரியிற வட்டம் 0.45 மி.மீ. 4 பொருள்வில்லையில 4.5 மி.மீ.; கண்ணாடி அடிமட்டத்தை வைச்சுச் சரிபாருங்கோ. 10⁻⁴ க்கு 40இல எடுத்த படத்தின்ர நடுவை நாலரை மடங்கு பெருப்பிக்கவேணும். மெதிலீன் நீலம் ஒரு துளி விட்ட கன்னக் கலம் பாதிச் சட்டத்தை நிரப்பும். மூடுகண்ணாடியைச் சரிச்சு மெதுவாய் இறக்குங்கோ. வளிக்குமிழி கறுத்த விளிம்போட வட்டமாய்த் தெரியும், பிள்ளையள் அதைக் கலமெண்டு வரைஞ்சுபோடுவினம்.

10⁻⁵ இல படம் கலங்கும். 40 பொருள்வில்லை அரை மைக்கிரோமீற்றரிலும் குறைஞ்ச இடைவெளியில இருக்கிற இரண்டு புள்ளியைப் பிரிச்சுக் காட்டாது. ஒளியின்ர அலைநீளம்தான் காரணம், விலை கூடின வில்லையும் 0.2 மைக்கிரோமீற்றருக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது. அங்கயிருந்து வரைஞ்சுதான் போகவேணும், காபன் அணுக்கருவின்ர புரோத்தன் மட்டும்.

இரணைமடுக்காற்று:
ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு மாறுற இணைப்பில சதுர விளிம்பு தெரியுதே?

கனகராயன்:
1920 புள்ளி அகலப் படத்தின்ர பத்தில ஒண்டு 192 புள்ளிதான், அதுதான் மங்குது. ஒவ்வொரு வலுவுக்கும் இடையில 3.16 மடங்கில இன்னொரு படம் வையுங்கோ, விளிம்பை மெதுவாய்க் கரையவிடுங்கோ. வெளிச்சமும் ஒத்துவரவேணும்: புகைப்படம் காலமை எண்டால், செய்மதிப் படத்திலும் நிழல் அதே பக்கம் விழுதோ எண்டு பாருங்கோ.