ஆடித் தள்ளுபடியிலேயே கிறிஸ்துமஸ் துணி எடுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வேலையை இப்போதே ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். நாங்கள் சென்னையில் இருக்கிறோம், சொந்த ஊர் நாகர்கோவில். டிசம்பரில் தி.நகர் கூட்டத்தில் கால் வைக்கவே முடியாது, அதனால் பெரியவர்களுக்குச் சேலை, வேட்டியெல்லாம் ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடுவேன். பிள்ளைகள் துணிதான் குழப்பம். 6 வயது, 9 வயது, இரண்டும் கிடுகிடுவென்று வளருதுகள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் போதுமா, இல்லை துணி மட்டும் வாங்கி வைத்துவிட்டுத் தீபாவளி முடிந்ததும் தைக்கக் கொடுப்பது நல்லதா?

அப்புறம் கேக். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, செர்ரியை ரம்மில் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் கெடாது, ஆனால் மாமியாருக்கு ரம் வாசனையே ஆகாது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பவர்கள் எத்தனை நாள் முன்னால் போடுகிறீர்கள்? ஃப்ரிட்ஜிலா, வெளியிலா? முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கெல்லாம் ஊருக்குப் போய்தான், அதை விடுங்கள்.

ரயில் மட்டும் முன்கூட்டி ஒன்றும் செய்ய முடியாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தானே, டிசம்பர் 23க்கு அக்டோபர் 24 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். டிக்கெட் கிடைக்காவிட்டால் வேன் பேசிச் சேர்ந்து போக யாராவது வருகிறீர்களா? நாங்கள் நாலு பேர்.